ஒரே ஷிஃப்டில் இரண்டு ராத்திரி

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டையிலிருந்து வங்கக் கடலுக்கு ஒரு தம்பதியின் சொகுசுக் கப்பல் பயணம்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. அதில் நல்ல நேரம் பார்ப்பதைவிட, கட்டங்களுக்குள் இரண்டு நிறத்தில் எழுதியிருப்பதைத்தான் நாங்கள் அதிகம் பார்ப்போம். நீலம் என் வீட்டுக்காரருடையது: ஏ, பி, சி ஷிஃப்ட். சிவப்பு என்னுடையது: மார்னிங், ஈவ்னிங், நைட். அவர் ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் பீடிங் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். நான் நெடுஞ்சாலையோர மருத்துவமனை ஒன்றில் நர்ஸ்; மிச்ச நேரத்தில் எழுதுகிறவள். அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். சாவி கை மாறும். "குழம்பு அடுப்புல இருக்கு", "கேஸ் புக் பண்ணியாச்சு", "பையனுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டணும்". பல வாரங்களில் எங்களுக்குள் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, சுங்குவார்சத்திரத்திலிருந்து வல்லம் வடகால் வரை, இப்படிச் சாவியைக் கை மாற்றிக்கொண்டே குடித்தனம் நடத்தும் வீடுகள் ஏராளம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதியை அரசு திறந்தது. அங்கே தங்கும் பெண்களில் எத்தனையோ பேர் நாளைக்குக் கல்யாணம் முடிந்து இந்தப் பக்கத்திலேயே வாடகை வீடு பிடிப்பார்கள். அவர்கள் வீட்டுக் காலண்டரிலும் இரண்டு நிறம் வரும். அவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சொகுசுக் கப்பல் சென்னைக்கு வந்திருந்த சீசனில், எங்கள் காலண்டரில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று கட்டங்களையும் சேர்த்து இரண்டு நிறத்திலும் வளைத்துக் கோடு போட்டேன். உள்ளே 'கப்பல்' என்று எழுதினேன்.

செய்தி தெரு முழுக்கப் பரவியது. மகன் ஒன்பதாம் வகுப்பு. அந்த வாரம் அவனுக்குக் கபடிப் போட்டி; வாலாஜாபாத்தில் பாட்டி வீட்டிலிருந்து போய் வருவதாக அவனே சொல்லிவிட்டான். "அப்ப நீங்க ரெண்டு பேரு மட்டுமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "கல்யாணமாகி பதினாறு வருஷம் ஆச்சே, இப்ப என்னத்துக்கு?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நம் ஊரில் குடும்பப் பயணம் என்றால் ஒரு வேன் நிறைய ஆள் வேண்டும்; திருப்பதி, வேளாங்கண்ணி, குற்றாலம் என்று போக வேண்டும். இரண்டு பேர் மட்டும் போவது புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அக்காவின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கடலுக்குப் போய் வந்த பிறகு இருக்கிறது.

கார்கள் போன வழியில்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஏற்றுமதி தொடங்கிவிட்டது. 2020 தொடக்கத்தில் அந்த ஒரு நிறுவனம் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்த கார்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. 2010-ல் ஒரகடத்தில் திறந்த ரெனோ – நிஸான் ஆலையின் கார்கள் எண்ணூரில் காமராஜர் துறைமுகம் வழியாகக் கப்பலேறின. ராத்திரி நேரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையில் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எண்ணி விளையாடுவார்கள்.

கால் நூற்றாண்டாகக் கார்கள் கடல் தாண்டிப் போகின்றன. அவற்றுக்குக் கதவு மாட்டியவர்களும் கண்ணாடி பொருத்தியவர்களும் பெரும்பாலும் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். அவர் கையால் வெட்டிய பீடிங் எந்தெந்த நாட்டு மழையையோ கார்க் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கும். அவர் கப்பலைப் பார்த்தது மெரினா மணலில் நின்றுதான், தொடுவானத்தில் ஒரு பொட்டாக.

வெள்ளிக்கிழமை அவர் காலை ஷிஃப்டுக்கு லீவு போட்டார். நான் முந்தின நாள் நைட் டியூட்டி முடித்து இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தேன். பூந்தமல்லி, மதுரவாயல் வழியாகத் துறைமுகத்துக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அந்த நெரிசலை நம்பக் கூடாது என்று காலை பத்தரைக்கே காரில் கிளம்பிவிட்டோம். நாங்கள் கொண்டு போனது இரண்டு பெட்டி. வழி முழுக்க அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அங்க போய் என்னம்மா பண்ணுவோம் ரெண்டு நாளு?"

கோடைக்குப் பிறகு நம் கரைக்கு வரும் கப்பல்

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படுகிறது என்ற செய்தி முதலில் பெரிதாக அடிபட்டது 2022 ஜூன் 4 அன்று. கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். ஆழ்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு நாள் பயணம் ஒன்று, விசாகப்பட்டினம் வரை போகும் ஐந்து நாள் பயணம் ஒன்று என்று அறிவித்தார்கள். 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாய் செலவில் அமைந்த சர்வதேசப் பயணிகள் கப்பல் முனையத்தை மத்திய அமைச்சர் சர்வானந்த சோனோவால் திறந்து வைத்தார். அன்றே இலங்கைக்கும் கப்பல் புறப்பட்டது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை.

இந்தக் கப்பல் பெரும்பாலும் கோடைக்குப் பிறகு நம் பக்கம் வருவதற்குக் காரணம் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். மும்பை, கோவா, லட்சத்தீவுப் பக்கம் அப்போது சொகுசுக் கப்பலுக்கு வேலை இல்லை. அந்த மாதங்களில் வங்கக் கடலின் நம் கரையோரம் ஒப்பிட்டால் அமைதி. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே புயல் சின்னம் உருவாகத் தொடங்கும் முன் அது மேற்குக் கரைக்குத் திரும்பிவிடும். தோப்புக்குத் தோப்பு இடம் மாறும் பறவை மாதிரி கடல் பார்த்துக் கரை மாறுகிறது.

எம்ப்ரஸுக்கு வயது குறைவில்லை. பிரான்ஸில் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 1990-ல் பயணச் சேவைக்கு வந்த கப்பல். அப்போது பெயர் 'நார்டிக் எம்ப்ரஸ்'. ஏறக்குறைய 210 மீட்டர் நீளம், 11 அடுக்கு. அதன் பிறப்பிலேயே ஒரு விசேஷம் உண்டு: வாரக்கணக்கில் லீவு எடுக்க முடியாதவர்களுக்காக, மூன்று நாள், நான்கு நாள் குறும்பயணத்துக்கென்றே வடிவமைத்த கப்பல் அது. அமெரிக்கத் தொழிலாளிக்கும் அலுவலக ஊழியருக்கும் வார இறுதியில் கடல் காட்டுவதற்காகப் பிறந்தது, பெயர் மாறி, கை மாறி, முப்பது வருடம் கழித்து நம் ஊர் கேஷுவல் லீவு கணக்குக்கும் பொருந்தி வந்திருக்கிறது.

பிழைப்புக் கப்பல்கள்

தமிழருக்கும் பயணக் கப்பலுக்கும் உள்ள உறவு பழையது. அது உல்லாச உறவாக இருந்ததில்லை. 1906-ல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டது வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிரான போர். 1926-ல் வந்த 'ரஜூலா' 1973 வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூருடன் இணைத்தது. ரப்பர்த் தோட்டத்துக்கும் கடைக்கும் துறைமுகக் கூலிக்கும் போனவர்கள் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். அடுத்து வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்த வழி அடைபட்டது. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் கப்பல் மட்டும் தொடர்ந்தது.

அந்தக் கப்பல்களில் புருஷன் போவான், பெண்டாட்டி கரையில் நிற்பாள். குடும்பத்தைப் பிரித்த கப்பல்கள் அவை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து, பிழைப்பு என்ற காரணமே இல்லாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காகக் கப்பலேறுவது நம் குடும்பங்களின் வரலாற்றில் புதிய விஷயம். முனையத்தில் வரிசையில் நின்றபோது எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

அசெம்பிளி பாயின்ட்

முனையத்தில் பெட்டிக்கு டேக் கட்டி அனுப்பிவிட்டு, ஆதார் காட்டி, பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போனோம். ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கேபின் கதவுக்குச் சாவியும் அதுதான், உள்ளே செலவு செய்தால் கணக்கும் அதில்தான். எங்கள் கேபின் ஜன்னல் இருந்தும் பால்கனி இல்லாத நடுத்தர வகை. கட்டில், சின்ன மேசை, குளியலறை, கடலைக் காட்டும் கண்ணாடி. அவர் போனதும் முதல் வேலையாக ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "நல்ல சீலிங்" என்றார். பதினெட்டு வருட வேலை சும்மா விடுமா?

புறப்படும் முன் அலாரம் அடித்தது. ஏழு சின்ன ஒலி, ஒரு நீள ஒலி. எந்த நாட்டுக் கப்பலிலும் அபாயத்துக்கு இதே சங்கேதம்தான். அவரவருக்குக் குறித்த இடத்தில் கூட வேண்டும். லைஃப் ஜாக்கெட் மாட்டுவது எப்படி என்று காட்டுவார்கள். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் உருவான கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் தொடர்ச்சி இது. 2012-ல் இத்தாலியக் கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்த பிறகு விதியை இறுக்கினார்கள். கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனோ இந்தப் பயிற்சி முடிந்தாக வேண்டும்.

சுற்றிலும் பலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கவனமாகக் கேட்டார், வெளியேறும் வழியை ஒருமுறை நடந்து பார்த்தார். "நம்ம அசெம்பிளி பாயின்ட் மாதிரிதான்மா" என்றார். எங்கள் பக்கத்து ஆலை ஒவ்வொன்றின் வாசலிலும் பச்சைப் பலகையில் அந்த வார்த்தை இருக்கும். அதுவரை கொஞ்சம் ஒதுங்கி நின்ற மனிதருக்கு அந்த ஒரு பயிற்சியில் கப்பல் பழகிவிட்டது.

மாலையில் டக் படகுகள் இழுக்க, கப்பல் மெதுவாகக் கரையை விட்டு விலகியது. மேல்தளத்தில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கலங்கரை விளக்கம், மெரினா, உயரக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் செங்கதிர். நகரம் சின்னதாகி, விளக்குப் புள்ளியாகி, பிறகு வெறும் ஒளிப்புகையானது. என் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கப்பலில் வைஃபை உண்டு, தனிக் கட்டணம். நாங்கள் வாங்கவில்லை. முதலில் பதற்றமாக இருந்தது. வார்டில் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். லைனில் மிஷின் நின்றால் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டாலும் வர முடியாத தூரத்தில் இருவரும் சேர்ந்து இருப்பது அதுதான் முதல் தடவை.

குடும்பங்களுக்கு நடுவில் இருவர்

கப்பல் முழுக்கக் குடும்பம். அதுதான் அதன் அழகு. நீச்சல் குளத்தைச் சுற்றிப் பிள்ளைகள். பாறை ஏறும் சுவரில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறும் பிள்ளைகள். சின்னவர்களுக்கென்று தனியாக விளையாட்டுக் கூடம். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு அம்மா நிம்மதியாகக் காபி குடிக்கிறாள். அரங்கத்தில் ராத்திரி ஆட்டம் பாட்டம், மேஜிக். சாப்பாட்டுக் கூடத்தில் இட்லியிலிருந்து சீனச் சாப்பாடு வரை. வெங்காயம் பூண்டு இல்லாத ஜைனச் சமையலும் தனியாக உண்டு. இந்திய எல்லைக் கடலான 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டிய பிறகு காசினோவும் திறக்கும். நாங்கள் வாசலில் எட்டிப் பார்த்ததோடு வந்துவிட்டோம்.

காலைச் சாப்பாட்டில் பக்கத்து மேசையில் மூன்று தலைமுறை. வீல் சேரில் தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள். பாட்டிக்குத் தட்டு வைத்து, பிள்ளைக்கு ஊட்டி, தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, பெரிய மருமகள் உட்கார்ந்தது எல்லோரும் முடித்த பிறகு. அவள் தட்டில் தோசை ஆறியிருந்தது. வீட்டில் எங்களுக்கும் எல்லாச் சாப்பாடும் அப்படித்தான். அன்றைக்கு என் எதிரே அவர் இருந்தார், இருவர் தோசையும் சூடாக இருந்தது. ஒரே நேரத்தில் பசித்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டு, ஒரே நேரத்தில் எழுந்தோம். இதைப் போய் ஒரு சிறப்பம்சமாக எழுதுவதா என்று வேறு ஊர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும்.

ஒரு குடும்பக் கப்பலில் தம்பதிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். குழந்தைகள் கப்பல் என்றே பெயரெடுத்தது டிஸ்னி. அது 1998-ல் தன் முதல் கப்பலான 'டிஸ்னி மேஜிக்'கைப் பயணத்துக்கு விட்டபோதே, பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு நீச்சல் குளமும் ஓர் உணவகமும் வைத்தது. மிக்கி மவுஸ் உலாவும் கப்பலில் அப்பா அம்மாவுக்கு ஒரு மூலை. பிள்ளைகளைச் சிரிக்க வைத்துப் பிழைப்பவர்களுக்கே தெரிந்திருக்கிறது, அந்தப் பிள்ளைகளின் வீடு எதன் மேல் நிற்கிறது என்று.

கடலில் மறைந்த சூரியன்

சனிக்கிழமை முழுக்கக் கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லை.

விடியற்காலை ஐந்தரைக்கு அவர் என்னை எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போனார். ஷிஃப்ட் ஆட்களுக்குச் சூரிய உதயம் என்றால் என்ன தெரியுமா? நைட் முடிந்து வரும்போது பஸ் ஜன்னலில் முகத்தில் அடித்து, தூக்கம் கெடுக்கும் வெளிச்சம். ஜன்னலில் போர்வை கட்டித்தான் எங்கள் வீடுகளில் பகல் தூக்கம் நடக்கும். அதே சூரியன் அன்றைக்குத் தண்ணீரிலிருந்து வழுவழுவென்று எழுந்து வந்தது. நாங்கள் அதன் கண்ணுக்கு ஒளியாமல் நின்றோம்.

மாலையில் அதைவிடப் பெரிய அதிசயம். கிழக்குக் கரையில் பிறந்த எங்களுக்குச் சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும். கன்னியாகுமரிக்குப் போனால்தான் இரண்டும் கடல். அங்கே நடுக்கடலில், காலையில் எந்தத் தளத்தில் நின்று உதயம் பார்த்தோமோ அதே தளத்தின் மறுபக்கம் போய் நின்றோம். வங்கக் கடலிலேயே சூரியன் இறங்கியது. கரை பார்வைக்கே எட்டாததால் மேற்கிலும் தண்ணீர். ஒரே நாளில் அதன் வருகையையும் போக்கையும் இருவரும் சேர்ந்து பார்த்த நாள் என்று எனக்கு வேறு ஒன்றும் நினைவில் இல்லை.

அந்த இரண்டு வேளைக்கும் நடுவில் பேசினோம். முதல் இரண்டு மணி நேரம் மகன், கடன், அம்மாவின் கண் ஆபரேஷன் என்று வீட்டு விஷயமே ஓடியது. அது தீர்ந்த பிறகு ஒரு நீண்ட மௌனம். பிறகு அவர் தன் வலது தோள்பட்டை வலியைப் பற்றிச் சொன்னார். ஒரே பக்கம் திரும்பித் திரும்பி பீடிங் எடுத்து வைப்பதால் எட்டு மாதமாக இருக்கிறதாம். நான் நர்ஸ். தினமும் யார் யார் தோளையோ தொட்டுப் பார்ப்பவள். என் வீட்டுத் தோள் வலிப்பது எனக்குத் தெரியவில்லை. "சொல்றதுக்கு நேரம் வரல" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நேரம் வரவில்லை என்ற உண்மையைச் சொன்னார். ஊர் திரும்பியதும் எலும்பு டாக்டரிடம் போனோம். இப்போது பயிற்சி செய்கிறார். அந்தப் பயணத்துக்குச் செலவழித்த பணத்தை எதில் வரவு வைப்பது என்று யாராவது கேட்டால், நான் அந்தத் தோளைத்தான் காட்டுவேன்.

அவர்களும் ஷிஃப்ட் ஆட்கள்

எங்கள் தளத்தில் கேபின் சுத்தம் செய்த தம்பி தமிழ் பேசினார். டெல்டா பக்கத்துப் பிள்ளை. காலையில் படுக்கை விரித்தவர் ராத்திரியும் வந்து தலையணை சரி செய்தார். "எத்தனை மணி நேரம் தம்பி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எந்தத் தொழிலாளியைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. கடல் தொழிலாளர் ஒப்பந்தம் 2006 என்று ஒன்று உண்டு. இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு என்கிறது. இவர்களுக்கு மாதக்கணக்கில் வேலை ஒப்பந்தம், அது முடியும் வரை வீட்டைப் பார்க்க முடியாது.

"கல்யாணம் ஆயிடுச்சாப்பா?" என்றேன். ஆகி ஒரு வருடம், மனைவி ஊரில் என்றார். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து கடல் பார்க்க, இந்தப் பிள்ளை அங்கே ஒரு பெண்ணைத் தனியே விட்டுவிட்டு எங்கள் படுக்கையை விரிக்கிறது. ரஜூலாவின் பாய்கள் இன்னும் மடித்து வைக்கப்படவில்லை என்று தோன்றியது. இறங்கும் நாள் அவர் கையைப் பிடித்து வீட்டுக்காரர் சொன்னார்: "ஒப்பந்தம் முடிஞ்சதும் ஒரு மாசமாவது அந்தப் பொண்ணோட இருப்பா." தம்பி தலையாட்டினார். ஒரு ஷிஃப்ட் ஆள் இன்னொரு ஷிஃப்ட் ஆளுக்குச் சொன்ன அந்த வார்த்தையில் உபதேசம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

எப்போது: நம் கரையில் சீசன் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள். கம்பெனியில் வருடாந்திர ஷட் டவுன் தேதி தெரிந்ததும் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு இரண்டு ராத்திரிப் பயணம் போதும்.

எங்கே: முன்பே சொன்ன இடங்களோடு புதுச்சேரியும் சேர்ந்தது. 2022-ல் அங்கே அனுமதி கிடைக்கவில்லை; 2025 ஜூலையில் கப்பல் வந்தது, கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுப் படகில் ஆட்களை இறக்கினார்கள். பயண வழி சீசனுக்குச் சீசன் மாறும். முன்பதிவுக்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியத் துறைமுகங்களுக்கு அரசு அடையாள அட்டை போதும். இலங்கைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம்.

எந்த கேபின்: ஜன்னல் இல்லாதது விலை குறைவு, பகல் முழுக்க மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு அது போதும். குமட்டல் வரும் உடம்பென்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருப்பதால், கடல் அமைதியாக இருந்தால் பலருக்கு ஆட்டமே தெரியாது.

நர்ஸாக ஒரு வார்த்தை: வாந்தி மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. அந்த மாத்திரை தூக்கம் தரும். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். ஒரு துண்டு இஞ்சி மரப்பா நல்லது. ஆட்டம் தெரிந்தால் கேபினுக்குள் முடங்காமல் மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பெட்டி கேபினுக்கு வரத் தாமதமாகலாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கப்பல் நிறுவனங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன, முன்பே கேட்டுவிடுங்கள்.

செலவு: டிக்கெட்டில் தங்குவது, முக்கியச் சாப்பாடு, அரங்க நிகழ்ச்சிகள் அடங்கும். துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் தனியாக வரும். மது, வைஃபை, மசாஜ், காசினோ எல்லாம் அவரவர் கை. மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். கடன் வாங்கிப் போக வேண்டாம். நாங்கள் இரண்டு தீபாவளி போனஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்தோம்.

கரை தெரிந்தபோது

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பியது. மேல்தளத்தில் நின்றிருந்தோம். தூரத்தில் ஏற்றுமதிக்காக வரிசை வரிசையாக நிறுத்தியிருந்த கார்கள் வெயிலில் மின்னின. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நம்ம ஊரு வண்டிங்க" என்றார். அவற்றில் எதிலாவது அவர் வெட்டிய பீடிங் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவை புறப்படக் காத்திருந்தன. நாங்கள் திரும்பி வந்திருந்தோம்.

மதுரவாயல் தாண்டும்போதுதான் கைப்பேசிகளைப் பார்த்தோம். தவறிய அழைப்புகள் மொத்தமாக வந்து விழுந்திருந்தன. வார்டிலிருந்து மூன்று, லைன் லீடரிடமிருந்து இரண்டு. உலகம் நின்றுவிடவில்லை. யாரோ சமாளித்திருக்கிறார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "என்னதான் பார்த்தீங்க ரெண்டு பேரும்?" எனக்கு இப்போது பதில் இருந்தது. "ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்க்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் வீட்டுக்காரரும் இருபது வருடமாக நைட் ஷிஃப்ட்.

எங்கள் பக்கத்தில் கப்பலுக்குப் போக முடியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இரண்டு நாள் லீவு என்றால் இரண்டு நாள் சம்பளம் போச்சு. அவர்களிடம் கப்பல் ஏறுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம் சொல்வேன், கம்பெனிகளுக்கும் சேர்த்தே சொல்வேன்: கணவனும் மனைவியும் ஷிஃப்ட் வேலை செய்யும் வீடுகளில், மாதத்தில் ஒரு நாளாவது இருவருக்கும் ஒரே வார விடுமுறை கிடைக்கட்டும். காலண்டரில் அது ஒரு சின்னக் கட்டம்தான். அந்தக் கட்டம் கிடைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு தோள் எட்டு மாதம் வலித்தது.

அடுத்த மாத ஷிஃப்ட் சார்ட் வந்ததும், நான் என் சூப்பர்வைசரிடம் கேட்டேன், வீட்டுக்காரர் தன் லைன் லீடரிடம் கேட்டார். இரண்டாவது ஞாயிறு இருவருக்கும் கிடைத்தது. அன்று மாலை மகனையும் கூட்டிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே சூரியன் தண்ணீரில் இறங்கவில்லை, மரங்களுக்குப் பின்னால்தான் போனது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது சாவி யாருடைய கையிலிருந்தும் யார் கைக்கும் மாறவில்லை. மூன்று பேரும் ஒன்றாக உள்ளே போனோம்.